பழைய ஜீப் ஆசையா? பேப்பரையும் சேஸிஸையும் முதலில் பாருங்கள், இன்ஜினைக் கடைசியில்

தாசில்தார் ஜீப் ஊருக்குள் வந்தால் புழுதியோடு புழுதியாகப் பின்னால் ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த ஆசை முப்பது வருடம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. வீட்டுக் கடன் அடைந்து கையில் கொஞ்சம் பணம் நின்ற வருடத்தில் வெளியே வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு பழைய ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப் விளம்பரங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி கேட்டால், "சும்மா பார்க்கிறேன்."

அப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை, நானே வாங்கியவன். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேப்பர், அப்புறம் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும், பிறகு ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் அமைப்பு), எல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜின். நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தத்தைக் கேட்டு, "சூப்பரா இருக்குண்ணே" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இன்ஜின் போனால் பட்டறையில் சரியாகிவிடும். ஆர்.சி.யில் வில்லங்கம் இருந்தால் எந்தப் பட்டறையிலும் சரியாகாது.

வாங்குவதற்கு முன் வீட்டுக் கணக்கு

இது இரண்டாவது வண்டியாக மட்டுமே இருக்க வேண்டும். ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேறொன்று வீட்டில் நிற்கட்டும். மாசத்தில் ஒரு வாரமாவது பட்டறையில் கிடக்கும் பொருளை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது.

வண்டியின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சியாகட்டும், ஜீப்பாகட்டும், முன்னும் பின்னும் ஸ்பிரிங்காக இருப்பது கமான் பட்டைதான். வேகத்தடையில் ஏறினால் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வரும். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது, பெரும்பாலான வண்டிகளில் ஏசியும் கிடையாது. பின்சீட்டு எதிரெதிராக உட்காரும் பெஞ்சு. கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவையோடு அதில் ஏறச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். கேன்வாஸ் கூரை மழையில் ஒழுகும், எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சின்னப் பிள்ளைகளைப் பின்பெஞ்சில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போகாதீர்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

பண விஷயத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. வண்டி விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் அந்த விலைக்கு வண்டி பார்க்கக் கூடாது. அந்தப் பாதி முதல் வருடத்திலேயே தீர்ந்துவிடும். நான் 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த பொங்கலுக்குள் இன்னொரு 1,30,000 போனது. அதில் அலங்காரச் செலவு ஒரு பைசா இல்லை.

இன்னும் சந்தேகமாக இருந்தால், வாங்கும் முன் ஒருமுறை கொழுக்குமலைக்குப் போய் வாருங்கள். இடம் தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. உள்ளூர் ஜீப்பில்தான் போக வேண்டும். டிரைவர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி, அவர் எந்த இடத்தில் எந்த கியர் போடுகிறார், கட்டைவிரலை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இறங்கியதும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வாரத்தில் எத்தனை நாள் வண்டிக்கு அடியில் படுக்கிறார் என்று கேளுங்கள். மறுநாள் முதுகு வலிக்கும். வலியோடும் ஆசை அப்படியே இருந்தால், சரி, மேலே படியுங்கள்.

எந்த வண்டி

நம் ஊரில் ஒரு சாதாரண மனிதனின் கைக்கு எட்டுவது இரண்டு வகை.

முதலாவது மாருதி ஜிப்சி. சுஸுகியின் சின்ன ஜீப்பைச் சற்று நீட்டி 1985 டிசம்பரில் இங்கே இறக்கினார்கள். முதலில் 970 சிசி இன்ஜின், நாலு கியர். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்சி கிங் வந்தது. 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு) வந்து சக்தி 60 குதிரையிலிருந்து 80 ஆனது. 2019-உடன் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுவிட்டது. எடை ஒரு டன்னுக்குள் இருப்பதால், பெரிய வண்டிகள் புதையும் சேற்றில் இது மிதந்து போகும். எல்லாம் பெட்ரோல். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம்.

இரண்டாவது மஹிந்திரா ஜீப். அமெரிக்க வில்லிஸ் ஜீப்புக்கு உரிமம் வாங்கிப் பம்பாயில் பாகங்களைப் பூட்டத் தொடங்கிய கதை அது. சிஜே 3பி, சிஜே 340, சிஜே 500, எம்எம் 540, அப்புறம் மேஜர் என்று வம்சம் நீளமானது. எம்எம் 540-இல் பெஜோ வடிவமைப்பில் வந்த 2.1 லிட்டர் டீசல். சிஜே 500-இல் வந்த டீசல் இன்ஜின் டிராக்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. கேலியாகச் சொல்லவில்லை. டிராக்டர் மெக்கானிக் இருக்கும் எந்த ஊரிலும் அதைப் பிரித்து மாட்டிவிடுவார்கள். கிராமத்தில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

புதிதாக வருபவர் என்னைக் கேட்டால், நகரத்தில் இருப்பவருக்கு எம்பிஎஃப்ஐ ஜிப்சி, தோட்டம் துரவோடு இருப்பவருக்கு டீசல் ஜீப் என்பேன். கார்புரேட்டர் ஜிப்சி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் கார்புரேட்டரை நிதானமாக டியூன் செய்யத் தெரிந்த கைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகின்றன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஜோங்கா. நிஸான் பேட்ரோலின் வடிவத்தை வாங்கி, ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல். 2019-இல் தோனி ஒன்றை வாங்கிய படம் வந்ததிலிருந்து அதைக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். தல வாங்கலாம். அவரிடம் வண்டி நிறுத்தவே தனிக் கட்டடம் இருக்கிறது. முதல் வண்டியாக ஜோங்கா வாங்குவது, நீச்சல் தெரியாதவன் நேராகக் கடலில் குதிப்பது மாதிரி.

ஒரு முக்கியமான விஷயம். ஜீப் என்றாலே ஃபோர் வீல் என்று நினைத்துவிடாதீர்கள். மஹிந்திரா ஜீப்களில் ஏராளமானவை பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவை. குனிந்து முன் ஆக்சிலைப் பாருங்கள். பின் ஆக்சிலில் இருப்பது போலவே ஒரு இரும்புப் பூசணிக்காய் (பட்டறையில் கிரவுன் என்பார்கள்) முன்னாலும் இருந்து, அதற்கு ஒரு ஷாஃப்ட் வந்து சேர்ந்தால்தான் ஃபோர் வீல். வெறும் கம்பி மாதிரி ஆக்சில் நின்றால் அது சாதாரண வண்டி. விளம்பரத்தில் "4x4" என்று ஸ்டிக்கர் ஒட்ட முப்பது ரூபாய் போதும்.

பேப்பர்: வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே

வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி எம்பரிவாஹன் செயலியில் போடுங்கள். பதிவான தேதி, பதிவு எதுவரை செல்லும், கடன் பாக்கி ஏதும் பதிவாகியிருக்கிறதா, எரிபொருள் என்ன, எத்தனை இருக்கை என்று வரும். எண் கேட்டால் தயங்குகிற ஆளிடம் வண்டி பார்க்கப் போகவே வேண்டாம்.

இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. திருப்பூர்ப் பக்கம் ஒரு சிஜே. ஆலிவ் பச்சை பெயின்ட், புது கேன்வாஸ், கண்ணை எடுக்க முடியவில்லை. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, நிதானமாக ஆர்.சி. நகலைப் பார்த்தேன். எரிபொருள்: பெட்ரோல். பானெட்டுக்கு அடியில் தடதடத்துக்கொண்டிருந்ததோ டீசல் இன்ஜின். பழைய பெட்ரோல் ஜீப்களுக்கு டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் ஒருகாலத்தில் நிறைய. முறையாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் குற்றமில்லை, இதில் ஏற்றவில்லை. புரோக்கர் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பத்தாயிரமும் திரும்பி வரவில்லை.

ஆகவே ஆர்.சி.யில் உள்ள ஒவ்வொரு வரியையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், நிறம், இருக்கை. சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வாருங்கள். எண் குத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ, புதிதாக ராவிய பளபளப்போ, ஒரு எழுத்து மட்டும் கோணலாகவோ இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர், திறந்த ஜீப் கட்டித் தருவதற்கே பேர் போனது. கண்ணுக்கு அழகான வேலை. ஆனால் பழைய ஆர்.சி. ஒன்றின் பேரில் புதிதாகப் பிறந்த வண்டி நம் ஊர் ஆய்வாளர் முன்னால் நின்றால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வயது தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 10,000 ஆக்கிவிட்டார்கள். விற்பவர் "ஆர்.சி. முடிஞ்சிருக்கு, நீங்க ரினீவல் பண்ணிக்கலாம்" என்றால், அவரே செய்து கொடுக்கட்டும், அதற்கான பணத்தை விலையில் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். எஃப்.சி.யில் தேறாத வண்டி என்று தெரிந்தே கைமாற்றுபவர்கள் உண்டு.

வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசலுக்கும் 15 தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த கெடுபிடிகள் அதற்கு ஒரு காரணம். படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி வரி, போக்குவரத்துச் செலவு எல்லாம் கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி கரைந்திருக்கும். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல விற்பனைக் கடிதம் அசலாக இருக்கிறதா, சிவில் பதிவு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அம்புக்குறி போட்ட பழைய ராணுவ எண் பலகையோடு "பேப்பர் எல்லாம் பின்னாடி வரும்" என்று சொல்லும் வண்டியின் பேப்பர் வரவே வராது.

50 வயது தாண்டி, மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2021-இலிருந்து விண்டேஜ் பதிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவுக்கு 20,000 ரூபாய். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது தவிர அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்க வாங்குபவருக்கு அது உதவாது.

நேரில் பார்க்கும் நாள்

இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, கழுவி வைக்கக் கூடாது. சூடாக இருக்கும் இன்ஜின் பாதி நோயை மறைக்கும், கழுவிய வண்டி ஆயில் ஒழுக்கை மறைக்கும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை ஒரு டார்ச், துணி சுற்றிய காந்தம், சின்னச் சுத்தியல், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய வேட்டி. கூடவே, அந்த வண்டியைக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர். நான் மச்சானைக் கூட்டிப் போனேன். அவர் டிராக்டர் மெக்கானிக், ஜீப் என்றாலே முகம் சுளிப்பவர். இரண்டாவதாகப் பார்த்த வண்டியின் பின்பக்கம் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தார், அங்கும் ஒட்டவில்லை. "மாப்ள, இது தகரம் இல்ல, முழுக்கப் பட்டி. மழைல நின்னா கரைஞ்சுரும்" என்றார். விற்பவர் முகம்தான் முதலில் கரைந்தது.

உடம்புத் தகரத்தில் துரு இருப்பது பரவாயில்லை, டிங்கரிங் வேலையில் போய்விடும். ஜிப்சியில் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, தரை, பின்சக்கர வளைவு இந்த இடங்களில் துரு இல்லாத வண்டியை நான் பார்த்ததே இல்லை. பயப்பட வேண்டியது சேஸிஸ் துருவுக்குத்தான். கீழே படுத்து, முன்னிருந்து பின்வரை இரண்டு பக்கச் சேஸிஸையும் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே அரித்துப் போனது 'தொப்' என்று சொல்லும், சில இடத்தில் செதில் செதிலாக உதிரும். ஜீப்பில் ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம், கமான் பட்டை தொங்கும் பிராக்கெட் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசலும், விரிசலின் மேல் போட்ட வெல்டிங்கும் அங்கேதான் இருக்கும். தகடு வைத்து ஒழுங்காக வெல்டிங் செய்திருந்தால் விலை பேசலாம். சேஸிஸ் முழுவதும் புத்தம்புது கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தார் என்று கேளுங்கள். கடலோர ஊர்களில் கிடந்த வண்டிக்கு இந்தப் பரிசோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

அடுத்து ஸ்டியரிங். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டுங்கள், இன்னொருவர் முன்சக்கரத்தைப் பார்க்கட்டும். சக்கரம் அசைவதற்கு முன் ஸ்டியரிங் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது? பழைய ஜீப்பில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கால் சுற்று ஆட்டம் இருந்தால் பெட்டியிலிருந்து பால் ஜாயின்ட் வரை வேலை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சு முள்) தேய்மானம் கையிலேயே தெரியும். இதைக் கவனிக்காமல் விட்ட வண்டி ஐம்பது அறுபது வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் உதறத் தொடங்கும், வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. ஒருமுறை அனுபவித்தால் போதும், தூக்கத்தில்கூட வரும்.

பிரேக்கைக் காலியான ரோட்டில் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய செலவில்லை.

ஃபோர் வீலைச் சோதிப்பது புதியவர்கள் தவறவிடும் இடம். விற்பவர் குட்டி லீவரைத் தள்ளிக் காட்டி "பாருங்க, விழுது" என்பார். லீவர் விழுவது மட்டும் போதாது. மண் தரை அல்லது புல்வெளிக்கு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முன்சக்கர நடுவில் திருகும் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் இரண்டையும் பூட்டுங்கள். அது கையால் திருகும்படி இருக்க வேண்டும், துருப்பிடித்து இறுகியிருந்தால் வருடக்கணக்கில் யாரும் ஃபோர் வீல் போடவில்லை என்று அர்த்தம். ஃபோர் வீலை லோவில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) போட்டு, ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து மெல்ல நகர்த்துங்கள். நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி திரும்ப முரண்டு பிடிப்பது தெரியும். அப்புறம் ஒரு சின்ன இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பல் தேய்ந்திருக்கிறது. அது வலிக்கும் செலவு. கிளட்ச் விடும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஷாஃப்ட் ஜாயின்ட் கிராஸ், அது சில்லறைச் செலவு.

இப்போது இன்ஜின். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, மெக்கானிக் 'பேக் கம்ப்ரஷன்' என்பார். சைலன்சர் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது, கரும்புகை என்றால் டீசல் பம்பையும் நாசிலையும் பார்க்க வேண்டும், சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இதில் எது இருந்தாலும் விலையைக் குறைத்துப் பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸும் பேப்பரும் சுத்தமாக இருந்து இன்ஜின் மட்டும் தேய்ந்த வண்டி கிடைத்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன். அப்படிப்பட்ட வண்டியைத்தான் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப் போகிறார்கள்.

பணம் கொடுக்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35, அவருடைய அடையாள அட்டை நகல் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் அனுப்புறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்ஷூரன்ஸ் உங்கள் பேருக்கு மாறும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். பழைய வண்டிக்குப் பல கம்பெனிகள் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் கொடுக்கும். 2022-இல் நிர்ணயித்தபடி 1,000 சிசியைத் தாண்டி 1,500 சிசிக்குள் இருந்தால் வருடத்துக்கு 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. 1.3 லிட்டர் ஜிப்சி முதல் கணக்கில் வரும், டீசல் ஜீப் இரண்டாவதில்.

முதல் மாதம்

கையில் வண்டி வந்ததும் முதலில் தோன்றுவது பெரிய டயர், கூரை விளக்கு, வின்ச் (புதைந்த வண்டியை இழுக்கும் வடச் சுருள்). கொஞ்சம் பொறுங்கள்.

ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இன்ஜின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் என்று ஐந்து இடம். கடைசி மூன்றைப் பழைய முதலாளி தொட்டிருக்கவே மாட்டார். வடிக்கும்போது ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். பிரேக் ஓஸ், வீல் சிலிண்டர் கிட், ரேடியேட்டர் ஓஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் ஒரே மூச்சில் புதிதாக. பெட்ரோல் வண்டி என்றால் எரிபொருள் ஓஸ்களையும் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. இன்ஜின் மேல் பெட்ரோல் கசிவதைவிட மோசமான இடத்தில் கசிவு வர முடியாது.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், வெயிலில் நூறு கிலோமீட்டர் ஓடினால் வெடிக்கும்.

உதிரி பாகத்துக்குச் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஜீப்பில் ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் பல் எண்ணிக்கை மாறியிருக்கும், வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

அலங்கார வேலைக்கு முன் சட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. முன்னால் மாட்டும் புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்தாயிற்று. பெரிய டயர் போட்டால் போலீஸ் பிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பாரத்தை முதலில் தாங்குவது தேய்ந்த கிங்பின்னும் பழைய பிரேக்கும்தான்.

சேற்றில் இறங்கும் முன்

தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க முடியாமல் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிரவுன் பல்லிலும் ஏறும். மழை பெய்தால் நெடுஞ்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களைப் பிறகு பட்டறையிலும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வளையத்துக்கு உள்ளே போகக் கூடாது, மேலேயே இருக்கட்டும். கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் சுழன்று விரலை ஒடித்துவிடும். சேற்றுக்கும் மணலுக்கும் போகும்போது டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள், பிடிமானம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும், அதனால் ஒரு சின்னக் காற்றுப் பம்ப் வண்டியில் இருக்கட்டும். மேட்டில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், சரிவில் குறுக்கே போனால் வண்டி உருளும். பாதி மேட்டில் இன்ஜின் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காதீர்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் இறங்குங்கள். இறக்கத்தில் லோ முதல் கியர் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். தனியாகப் போகாதீர்கள். புதைந்த வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும், இல்லாவிட்டால் டிராக்டர்காரரின் கைபேசி எண் வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பது நம் ஊரில் பெரிய கேள்வி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போனால் வனத்துறை வழக்குப் போடும், போட வேண்டியதுதான். கடற்கரை மணலில் ஓட்டாதீர்கள். குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது, வண்டி ஓடுமோ ஓடாதோ, பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு வாய்த்தது மச்சானின் தென்னந்தோப்பும் அதை ஒட்டிய தரிசும். மழைக்குப் பிறகு அங்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் அடுத்த வாரம் முழுக்கச் சேறு கழுவலாம்.

வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்வதோடு நிறுத்தாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், மாதத்துக்கு ஒருமுறை மண் தரையில் ஃபோர் வீல் போடுங்கள். உபயோகிக்காத சீல் காய்ந்து ஒழுகும். வண்டியில் நான் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஓஸ், ஃபியூஸ், ஜாயின்ட் கிராஸ் ஒன்று, கட்டுக்கம்பி, ஐந்து லிட்டர் தண்ணீர், இழுவைக் கயிறு, அப்புறம் முதல் நாள் கொண்டுபோன அதே பழைய வேட்டி. கீழே விரித்துப் படுக்க, கை துடைக்க என்று ஆரம்பித்தது. போன ஐப்பசி மழையில் கேன்வாஸ் கிழிந்தபோது அதுதான் கூரை.